முதலாளி பிடிக்காத மைக்

மில்லில் ஷாக்கடித்துச் செத்த இசக்கிமுத்துவுக்கு அங்கேயே இரங்கல் கூட்டம் வைத்தார் முதலாளி குலசேகரன். ஊர் முழுக்கப் பார்க்க நேரலை வேறு. அவன் ஈரக்கையால் மெஷினைத் தொட்டதுதான் தப்பு என்று சொல்லி முடித்துவிட்டால், அவன் பெண்டாட்டிக்கு நஷ்டஈடு கிடையாது.

நேரலை தொடங்கியதும் ஸ்பீக்கர் உர்ரென்று இரைந்தது.

"என்னடா இது? செட்டை உடைச்சுப்புடுவேன்!"

மைக்செட் பேச்சியப்பன் பிளக்கைச் சோதித்தான். "மில்லு லைன்ல எர்த் இல்லைன்னாத்தான் இப்படி இரையும், மொதலாளி. தொட்டா ஷாக்கும் அடிக்கும்."

"எர்த்தெல்லாம் பக்காவா இருக்குடா!"

"அப்பப் பயமில்லை. மைக்கை இறுக்கிப் பிடிச்சுப் பேசுங்க. உங்க கைதான் ஈரமில்லையே."

மைக்கை வாங்க நீட்டிய கையை முதலாளி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஊரே பார்த்தது.

"பிடிங்க மொதலாளி," என்றாள் முன்வரிசையிலிருந்த இசக்கிமுத்துவின் பெண்டாட்டி.