இத்தாலி கவுனின் உள்பக்கம்

இருட்டிய பிறகு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக் கதவில் கிர்க், கிர்க் என்று ஏதோ சுரண்டியது. தையல்காரி பிலோமி கைக்குழந்தையை அணைத்துக்கொண்டாள். தாழ்ப்பாள் உடைந்த கதவு தானாகவே திறந்தது. கதவைச் சுரண்டிய மர ஹேங்கரில் ஒரு கவுனைத் தொங்கவிட்டபடி நின்றாள் வீட்டுக்கார வசுந்தரா. மேல்மாடியில் பழைய வெளிநாட்டு உடைகள் விற்பவள். பின்னால், அந்தக் கவுனை அவளிடம் வாங்கிய வக்கீலம்மா.

"இத்தாலி கவுன், நாற்பதாயிரம். பூவும் இல்லை, ஜரிகையும் இல்லை, அதுதான் உசத்தி! இவங்களுக்கு இடுப்பு பிடிக்குது. ஒட்டுப் போடாம ரெண்டு அங்குலம் பெரிசாக்கு. இல்லேன்னா காலையில அறையைக் காலி பண்ணு."

பிலோமி கவுனை உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள்.

"இத்தாலியில தைச்சதுன்னா என்னால முடியாது மேடம். நம்ம ஊர்ல தைச்சதுன்னா பத்து நிமிஷம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"என்னடி உளர்றே?"

"வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் தையலை ஒட்டி வெட்டிடுவான். 'நாளைக்குச் சதை போட்டா பிரிச்சு விடலாம்'னு ரெண்டு விரல் துணியை உள்ளே விடுறது நம்ம டெய்லர்தான். பாருங்க, விட்டிருக்கு."

வக்கீலம்மா குலுங்கிச் சிரித்தாள். "உங்க இத்தாலி எந்தத் தெருவிலே இருக்கு வசுந்தரா? பொண்ணே, துணியாவது தேறுமா?"

"நல்ல பருத்திம்மா. ரெண்டாயிரம் பெறும்."

"வசுந்தரா, அந்த ரெண்டாயிரத்தை எடுத்துக்கிட்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்க. இவளைக் காலி பண்ணச் சொன்னா கோர்ட்டுல பார்ப்போம்!"

வசுந்தரா மீதியை எண்ணிக் கொடுத்தாள். பிலோமி பத்து நிமிஷத்தில் பிரித்துத் தைத்தாள்.

"கூலி எவ்வளவு?" என்றாள் வக்கீலம்மா.

"வீட்டுக்காரம்மா ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தந்தாப் போதும்மா."

மறுநாளே ஆசாரி வந்தார். அன்றிரவு பிலோமி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டாள்.