சங்குத் தெரு படகேறிய நாள்

கேளுங்கள் பெரியவர்களே, கொட்டாவி விடாமல் கேளுங்கள் பிள்ளைகளே! கடல் இன்றைவிட நீலமாக இருந்த ஒரு காலத்தில் நுரையூர் என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது. எந்நேரமும் அங்கே மூடுபனி. வீடுகள் மிதப்பதுபோல் தெரியும், பேச்சுக்குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கடல் வழியே வந்து அடைக்கலம் கேட்பவர், துறைவாசலில் இருந்த பெரிய சங்கின்மேல் கை வைத்து, தாம் ஏன் ஓடிவந்தோம் என்று காலையில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இருந்தால் ஊருக்குள் இடம். இல்லாவிட்டால் வந்த படகிலேயே திரும்ப வேண்டியதுதான்.

ஒருநாள் நொச்சி என்ற இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு கரையேறினாள். அவள் ஊருக்குள் படை புகுந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டது. திரும்பிப் போனால் தாயும் பிள்ளையும் பிழைக்க வழியில்லை.

காலையில் சொன்னாள்: "கூரை எரிஞ்சுது. எம் புருசன் எங்கள வெளிய தள்ளிவிட்டாரு."

உச்சியில் சொன்னாள்: "நாந்தான் மொதல்ல ஓடினேன். அவரு பின்னால வர்றாருன்னு நெனச்சேன்."

அந்தியில், "சாம்பல் விழுந்துச்சு" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நினைக்க நினைக்க அந்த நாள் வேறு வேறு வாசல் வழியாக அவளுக்குள் நுழைந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்?

மந்திரி கீரனார் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். குடித்த வேகத்தில் இரக்கத்தைச் சிந்திவிட்டார் போலும். "மூன்று கதை, மூன்று பொய். விடிந்ததும் படகேற்றுங்கள்" என்றார்.

துறைவாசலை ஒட்டி, கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர்கள் வாழும் சங்குத் தெரு இருந்தது. நொச்சிக்குக் கஞ்சி கொடுத்தவர்களும், குழந்தைக்குத் தூளி கட்டியவர்களும் அவர்களே. அரசன் வெண்திரையனிடம் போய் அவளுக்காக மன்றாடினார்கள். "பாட்டனார் வைத்த வழக்கம், என் கையில் ஒன்றுமில்லை" என்று அவன் கைவிரித்துவிட்டான்.

விடிந்தது. நொச்சி படகில் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள். பக்கத்தில் துடுப்புச் சத்தம் கேட்டுக் கண் திறந்தால், பனிக்குள்ளே ஒரு படகு, அதன் பின்னே இன்னொன்று, அதன் பின்னே இன்னும் பல! கனவோ என்று நினைத்தாள். சங்குத் தெருவே படகேறி வந்திருந்தது.

"பயப்படாத தாயி, திருப்பு படக" என்றாள் முன்னால் வந்த வலம்புரி. அந்தத் தெருவில் யாருக்கும் அஞ்சாதவள் அவள்.

எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கரைக்குத் திரும்பின. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். "அடைக்கலம் வேணும்" என்றார்கள்.

மந்திரி பல்லைக் கடித்தார். "நீங்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே?"

"கடலேறி வந்து கேக்குற எல்லாரையும் விசாரிக்கணும்ங்கிறதுதானேய்யா வழக்கம்? விசாரிங்க" என்றாள் வலம்புரி.

வேறு வழியின்றி விசாரித்தார்கள். போன ஆண்டு ஊரைச் சூறையாடிய புயலுக்குத் தப்பி ஓடிய கதையை ஒவ்வொருவரும் சொன்னார்கள். காலையில் காற்று முதலில் வந்தது, உச்சியில் அலை முதலில் வந்தது, அந்தியில் அழுகை மட்டுமே வந்தது. ஒருவர் கதையும் ஒத்துப்போகவில்லை. வழக்கப்படி மொத்தத் தெருவையும் கடலுக்குள் அனுப்ப வேண்டும்.

செய்தி கேட்டு அரசனே துறைவாசலுக்கு வந்தான். அதே புயலில் தம்பியைப் பறிகொடுத்தவன் அவன். சங்கின்மேல் தன் கையை வைத்தான்.

"தம்பியின் கையைப் பிடித்திருந்தேன், நழுவிவிட்டது" என்றான். சற்று நேரம் கழித்து, "இல்லை, பிடிக்கப் போனேன், எட்டவில்லை" என்றான். மூன்றாம் முறை உதடு மட்டும் அசைந்தது.

"மந்திரியாரே, என்னையும் படகேற்றுங்கள்" என்றான். கீரனார் தலை குனிந்தார்.

அரசன் நொச்சியிடம் வந்தான். அவளை எதுவும் விசாரிக்கவில்லை. "குழந்தை சாப்பிட்டதா, அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது வாய்விட்டு அழுதாள். சங்குத் தெருப் பெண்கள் அவளைச் சூழ்ந்து அணைத்துக்கொண்டார்கள். அன்றுமுதல் நுரையூரில் வந்தவருக்கு முதலில் சோறு போட்டார்கள். பிறகுதான் கேள்வி, அதுவும் ஊரார் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க.

ஆகவே, உயிர் தப்பி வந்தவரின் நாக்குத் தடுமாறினால் பொய்யென்று தள்ளாமல், அவர் பக்கம் நின்று அவருக்காகப் பேசுவதே ஊருக்கு அழகு.