துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல்

கொழிஞ்சிப்பட்டியில் அர்த்தநாரி, அவன் பெண்டாட்டியின் தம்பி சென்னியப்பன், பக்கத்துக் காட்டுக்காரன் தீத்தான் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரில் யார் பெரிய முட்டாள் என்று ஊருக்குள் ஒரு தகராறு உண்டு. இன்னும் தீரவில்லை. ஒருவன் கொஞ்சம் முந்தினால் அடுத்த வாரமே இன்னொருவன் பிடித்துவிடுகிறான்.

மூவரும் சேர்ந்து மலையடியில் நாலு ஏக்கர் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார்கள். கிழங்கை வெட்டி விற்றுத்தான் மழைக்கு முன்னால் ஒழுகுகிற கூரையை மாற்ற வேண்டும் என்று அர்த்தநாரியின் பெண்டாட்டி பூவாத்தா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்த காட்டுப்பன்றிகளும் அதே கிழங்கைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தன.

அதற்காகவே அர்த்தநாரி பேரில் லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, மேலே ஈய ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற சாதி. ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவைக்குக் கால் மணி நேரம் ஆகும். பரவாயில்லை, அந்த ஒரு சத்தத்துக்கே பன்றி மலை ஏறிவிடும். தினமும் பொழுது சாயும்போது ஒரு வெடி. கிழங்கு தப்பித்தது அதனால்தான், இவர்களால் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கியைத் தாலுகா ஆபீஸில் காட்ட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோனார்கள். அதிகாரி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, உள்ள கரிமூட்டம் போட்டு வெச்சிருக்கீங்க? துரு வேற. திங்கக்கிழமை சுத்தமா கொண்டாங்க. இல்லேன்னா லைசென்ஸ் ரத்து."

"எப்படிங்க சுத்தம் பண்றது?" என்றான் அர்த்தநாரி. இத்தனை வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அதிகாரி நல்ல மனுஷர்.

"வெந்நீர் ஊத்திக் கழுவு. கம்பியில துணியைச் சுத்தி உள்ள விட்டுத் தேய். துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விடாம தேய்க்கணும். நல்லாக் காயவெச்சு, கடைசியில எண்ணெய் போடு. அவ்வளவுதான்."

மறுநாள் காலை பூவாத்தா ஒரு அண்டா வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அர்த்தநாரி சொம்பை எடுத்தான். தீத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை. வெந்நீர். எண்ணெய். இன்னுமா உனக்கு வெளங்கலே? எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டச் சொல்லியிருக்காரப்பா!"

"ஆனா அவரு வெந்நீர் முதல்ல, எண்ணெய் கடைசியிலேன்னு சொன்னாரே மாமா," என்றான் சென்னியப்பன் அர்த்தநாரியிடம்.

"பெரிய ஆபீசர், ஆயிரம் வேலை. மாத்திச் சொல்லிட்டாரு," என்றான் அர்த்தநாரி. "குளிச்சு முடிச்சுட்டு வந்து எண்ணெய் தேய்ச்சுக்கிற ஆளை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா மாப்ள?"

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தான். பார்த்ததில்லை.

ஆக, நல்லெண்ணெயில் ரெண்டு மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சினார்கள். குழாய் நிறைய ஊற்றினார்கள். பின்பக்கம் இருந்த சின்னத் துளையைத் தீத்தான் காது என்று கண்டுபிடித்து அதிலும் ரெண்டு சொட்டு விட்டான். அரை மணி நேரம் ஊறவிட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். கண்ணில் பட்டால் எரியுமே என்று, குழாய் நுனியில் குறி பார்க்கிற குமிழைச் சென்னியப்பன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். வெந்நீர் ஊற்றித் துவட்டி, சாம்பிராணி காட்டினார்கள். துப்பாக்கி கமகமவென்று இருந்தது.

மத்தியானம் அர்த்தநாரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினான்.

"எங்க கிளம்பிட்டே?" என்று பதறினான் தீத்தான். "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச உடம்பை வெயில்ல கொண்டு போவாங்களா? காய்ச்சல் கண்டுரும்."

"அப்ப உள்ள படுக்க வெக்கட்டா?"

"பகல்ல தூங்கவும் கூடாது."

அது ஞாயமான பேச்சு. துப்பாக்கியைச் சுவரில் சாத்தி வைத்து, அது தூங்கிவிடாமல் மூவரும் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள்.

"தூங்குதா முழிச்சிருக்கான்னு எப்படி மாமா தெரியும்?"

"சுட்டுப் பாத்தாத் தெரியும். சுட்டா அழுக்காயிரும். நீ பேசு."

பொழுது சாயும் நேரத்தில் பூவாத்தா ஓடிவந்தாள். "ஏனுங்க! பன்னி எறங்கிருச்சு! எந்திரிங்க!"

"கத்தாதே," என்றான் அர்த்தநாரி. "தலைக்கு ஊத்தியிருக்கு. இந்தப் பனியில வெளிய கொண்டாந்தா சளி புடிக்கும்."

"அப்ப கிழங்கு?"

"கிழங்குக்குச் சளி புடிக்காது."

பூவாத்தா ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்த் தட்டினாள். பன்றிகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தன. ஒன்றரை ஏக்கர் காலி.

ஞாயிற்றுக்கிழமை தேய்ப்பு. கம்பியில் சென்னியப்பன் தன் சிவப்புத் துண்டைச் சுற்றி உள்ளே விட்டான். வெளியே எடுத்தான். சிவப்பு.

"பாத்தியா துருவை!" என்றான் அர்த்தநாரி.

நூறு தடவை தேய்த்தார்கள். சிவப்புத்தான். தீத்தான் தன் பச்சை லுங்கியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். பச்சையாக வந்தது.

"துருவுக்கு அடியில பாசி. ஈரம் பட்ட குழாய்ல பாசி புடிக்காம இருக்குமா?"

அர்த்தநாரியின் கைலியைக் கிழித்து விட்டுப் பார்த்தார்கள். கட்டம் கட்டமாக வந்தது. மூவரும் மாறி மாறிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். துரு தெரியும், பாசி தெரியும். கட்டம் என்ன வியாதி?

பார்த்துக்கொண்டிருந்த பூவாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து அர்த்தநாரியின் முகத்தில் எறிந்தாள். "வெள்ளைத் துணியை வுட்டுப் பாருங்க, கடவுளே!"

விட்டார்கள். நேற்றிலிருந்து அவ்வளவு தேய்த்திருக்கிறார்களே, துணி வெள்ளை வெளேரென்று வந்தது. பூவாத்தா, "முடிஞ்சுதா? துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் காட்டுக்கு நடங்க," என்றாள்.

தீத்தான் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது செல்லாதும்மா. உள்ள போறப்பவே வெள்ளையாத்தானே போச்சு? இதை எப்படி நம்புறது?"

"ஆமாக்கா," என்றான் சென்னியப்பன். "சிவப்பா போயி வெள்ளையா வந்தாத்தான் அது சுத்தம்."

பூவாத்தா டப்பாவை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். இவர்கள் சிவப்புத் துண்டை மறுபடி சுற்றி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டு, காரச் சோப்பும் போட்டுத் தேய்த்தார்கள். அன்று பன்றிகள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தன. விடிவதற்கும் துண்டு சாயம் போய் வெளுப்பதற்கும் சரியாக இருந்தது. காட்டில் கிழங்கு தீர்வதற்கும் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. அவருக்கு நம்பவே முடியவில்லை.

"பிரமாதம்யா! இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குழாயை நான் பாத்ததில்லை," என்று லைசென்ஸில் சீல் குத்தப் போனவர், "ஆமா, பன்னித் தொந்தரவெல்லாம் எப்படி?" என்றார்.

"அடியோட நின்னு போச்சுங்க," என்றான் அர்த்தநாரி.

"அடடே! எப்படி?"

"திங்க ஒண்ணுமில்லைங்களே. நேத்தோட எல்லாம் தீந்துருச்சு. வெறுங்காட்டுக்கு எதுக்குங்க அது வருது?"

அதிகாரியின் கை சீலோடு அந்தரத்தில் நின்றது. "கிழங்கு இல்லை, பன்னி வராது. அப்புறம் எதுக்குய்யா உங்களுக்குத் துப்பாக்கி?"

மூவரும் ஜன்னல் பக்கம் ஒதுங்கிப்போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். தீத்தான் ஏதோ சொல்ல, மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அர்த்தநாரி திரும்பி வந்து, பாவம் இந்த மனுஷருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற முகத்தோடு, மெதுவாகவே சொன்னான்:

"துப்பாக்கி இல்லேன்னா, அடுத்த வருஷம் எதைங்க கழுவி உங்ககிட்டக் கொண்டாந்து காட்டுறது?"