கையை நீட்டு

"அந்தப் பிள்ளைக்குக் கை இருக்குங்கிறதே தெரியல, அம்மை."

குற்றாலிங்கம் இதைச் சொன்னபோது ஆசிரமத்தை நடத்தும் உலகம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்தப் பிள்ளை?"

"பேச்சி. பேருதான் பேச்சி. வாயும் திறக்க மாட்டேங்கா, கையும் திறக்க மாட்டேங்கா."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அம்மை ஒரு காம்பை உருவிப் போட்டார்.

குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. அம்மைக்கு நாற்பது இருந்தால் அதிகம். இருபத்தெட்டு வருஷம் தமிழாசிரியராக இருந்து, இனி ஞானம் ஒன்றுதான் பாக்கி என்று அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

இலக்கணம் அவருக்குக் கைவந்த கலை. வந்த அன்றைக்கே சமையல்காரர் "வாளக்கா கூட்டு" என்று சொல்லிவிட்டார். குற்றாலிங்கம் அவரை நிறுத்தி, "வாழைக்காய்" என்று மூன்று தடவை சொல்ல வைத்தார். மறுநாளிலிருந்து சமையல்காரர் வாழைக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

அம்மையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சும்மா இருக்கக் கத்துக்கணும், அம்மை. தீட்சை குடுங்க."

அம்மை அவரைத் தொழுவத்தை ஒட்டிய ஓட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே பதினோரு பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் நாலு வயது, ஐந்து வயது.

"இதுகளுக்குக் கையைச் சொல்லிக் குடுங்க."

"கையா?"

"கைதான். விரல் பேரு, கை செய்யுற வேலை எல்லாம். கடைசியில ஒவ்வொரு பிள்ளையும் கையைப் பத்தித் தானா ஒரு வாக்கியம் சொல்லணும். பதினொண்ணும் வந்தா சித்திரைப் பௌர்ணமிக்குத் தீட்சை."

அந்த ஆசிரமத்தில் தீட்சை வருஷத்துக்கு ஒரே நாள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.

யாப்பும் அணியும் கரைத்துக் குடித்தவனுக்குக் கையா என்று குற்றாலிங்கம் உள்ளுக்குள் குமைந்தார். ஆனாலும் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் அவர் வாத்தியார்தான். இரண்டே நாளில் பிள்ளைகள் அவரை ஒட்டிக்கொண்டன.

பாடம் ஒரு விளையாட்டு. "கையை நீட்டு!" என்று அவர் தொடங்குவார். பிள்ளைகள் நீட்டும். அப்புறம் கை தட்டு, கை வீசு, கை கூப்பு, கையை மூடு. பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பேர் சொல்ல வேண்டும்.

"சார், ஆள்காட்டி விரல் ஏன் ஆளைக் காட்டுது? போலீசுக்கா?"

"சார், மோதிர விரல்ல மோதிரமே இல்லியே!"

அவருக்கே சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷத்தில் இப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

வாக்கியங்களும் வந்தன.

"என் கை கன்னுக்குட்டியத் தடவும்."

"என் கை தம்பிக்கு மூக்குத் தொடைக்கும்."

"என் கைக்கு மருதாணின்னா உசுரு."

பத்து வாக்கியங்கள் வந்துவிட்டன. பதினொன்றாவது பேச்சியுடையது.

பேச்சிக்கு ஐந்து வயது. வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பாதியில் நின்று, தை மாதம் இங்கே வந்தவள். காலையில் சிரித்துக்கொண்டுதான் பாயில் உட்காருவாள். அவர் பாடத்தைத் தொடங்கியதும் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதன்பிறகு பாடம் முடிகிற வரைக்கும் அவள் சுவரோடு சுவர்.

பௌர்ணமிக்கு நாலு நாள்தான் இருந்தது.

"கெஞ்சிப் பாத்தேன், அம்மை. கல்கண்டு குடுத்துப் பாத்தேன். ஒருவேளை பிள்ளைக்கு மந்த புத்தியோ?"

அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நாளைக்கு ஒருநாள் பாடம் வேண்டாம். அவ கை என்ன செய்யுதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

பார்த்தார்.

பேச்சியின் கை ஈர மண்ணில் வீடு கட்டியது. வீட்டுக்குக் கதவு வைத்தது. இன்னொருத்தியின் தலையில் பேன் பார்த்தது. கிடைத்ததா இல்லையா, நசுக்கியது. கன்றுக்குட்டியின் வாய்க்குள் முழங்கை வரை போய்வந்தது. சாப்பாட்டில் ரசம் வழிய வழிய அள்ளியது. வழிந்ததை முழங்கையிலிருந்து நக்கி எடுத்தாள்.

சாயங்காலம் மறுபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையிடம் குற்றாலிங்கம் வந்தார்.

"கை இருக்கு, அம்மை. நல்லாவே இருக்கு."

"அப்போ?"

"என் பாடத்துலதான் இல்ல."

முதல் தடவையாக அவர் குரலில் வித்துவான் இல்லை. அம்மை அதைக் கவனித்தார்.

"பாடத்தை எப்படித் தொடங்குதிய? எனக்குக் காட்டுங்க."

"அம்மைக்கா?"

"இல்ல, மாத்திக்கிடுவோம். நீங்க பிள்ளை. நான் வாத்தியாரு. உக்காருங்க."

அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்த முகமாக நிமிர்ந்து பார்த்தார்.

அம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் எதிரே வந்து நின்றார்.

"ஏலே. கையை நீட்டு."

குற்றாலிங்கம் நீட்டினார்.

நீட்டியது அவர் இல்லை. கை தானாக நீண்டது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன. தோள் காதுவரை ஏறியிருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பி, கண் இறுக மூடியிருந்தது.

அடி ஒன்றும் விழவில்லை.

மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அம்மையின் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

"யாரு?" என்று கேட்டார் அம்மை.



"மூணாப்பு வாத்தியாரு. வாய்ப்பாடு ஒப்பிக்கையில."

"எத்தனை வருசம் ஆச்சு?"

"நாப்பத்தெட்டு."

நீட்டிய கையை மடக்க மறந்து அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பேச்சி அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் வந்தான்னு கேட்டியளா?"

"கேக்கல."

பிறகு அவராகவே சொன்னார். "நான் இங்க கம்பைத் தொட்டதே இல்ல, அம்மை."

"தெரியும். உங்க பள்ளிக்கூடத்துல?"

குற்றாலிங்கம் தலை குனிந்தார்.

"மாசானம்னு ஒருத்தன். ஏழாப்பு. அவனுக்கு ழகரம் வராது. வாழைப்பழம்னு சொல்லச் சொன்னா, வாளப்பளம்பான். ஒவ்வொரு பளத்துக்கும் ஒரு அடி. தினமும். அவனும் தினமும் நீட்டுவான். ஒருநாள் வரல. அப்புறம் வரவே இல்ல."

"இப்போ?"

"தென்காசியில பழக்கடை வச்சிருக்கான். ஒருதரம் அந்தப் பக்கம் போனேன். எந்திரிச்சு நின்னு கூப்பிட்டான். 'சார், பளம் சாப்பிடுங்க'ன்னான். எனக்குக் கேக்காத மாதிரி போயிட்டேன். அந்தத் தெருவுக்கே இப்போ போறதில்ல."

அம்மை ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் பாயில் உட்கார்ந்தார். "கையை நீட்டு" என்று சொல்லவில்லை. பேச்சிக்கு எதிரே நகர்ந்து போனார்.

"பேச்சி. இன்னைக்கு நீதான் டீச்சர். நான் பிள்ளை."

மற்றப் பத்தும் ஹோவென்று சிரித்தன. பேச்சி சிரிக்கவில்லை. கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

அப்புறம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"கையை நீட்டு."

அவர் நீட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

பேச்சி குனிந்து பார்த்தாள். கத்தரிக்காயில் சொத்தை பார்க்கிற மாதிரி அப்படியும் இப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்தக் கை அடிக்குமா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் பதினொன்றாவது வாக்கியம் அப்போதே கிடைத்துவிடும். அது அவருக்கும் தெரிந்தது.

"அடிச்சிருக்கு" என்றார்.



"யாரை?"

"நெறைய பேரை. முன்னால."

"நெறையன்னா? இத்தனையா?" பேச்சி இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"அதை விட."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். விரல் போதவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"இப்போ அடிக்குமா?"

"அடிக்காது."

நம்பினாளோ இல்லையோ, ஒரு விரலால் அவர் உள்ளங்கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கை அசையவில்லை. மறுபடி தொட்டாள். அசையவில்லை. கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள். அது மடங்கியது. நிமிர்த்தினாள். நிமிர்ந்தது. சுண்டுவிரல் வரைக்கும் ஒவ்வொன்றாக வந்தாள். பிறகு தன் சின்னக் கையை அந்தப் பெரிய கைக்குள் வைத்தாள்.

வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"சார் கை சும்மா இருக்கு."

அது கையைப் பற்றிய வாக்கியம். தானாகச் சொன்ன வாக்கியம். குற்றாலிங்கத்துக்கு அதைப் பதினொன்றாவதாக எண்ணத் தோன்றவில்லை. கண் நிறைந்து வழிந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டார், வலது கை பேச்சியிடம் இருந்தது.

சித்திரைப் பௌர்ணமி அன்று விடியற்காலையில் ஆசிரமம் பரபரப்பாக இருந்தது. தீட்சைக்கு மணை போட்டாகிவிட்டது. சமையல்காரர் பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் தோளில் பையோடு வந்து நின்றார்.

அம்மை பையைப் பார்த்தார்.

"பதினோராவது வாக்கியம் வந்துட்டுன்னு பிள்ளைகள் சொல்லிச்சு."

"வந்துட்டு, அம்மை."

"மணை போட்டாச்சு."

"பாத்தேன்."

"இன்னைக்கு விட்டா அடுத்த சித்திரைதான்."

"தெரியும். தென்காசிக்கு முதல் பஸ் ஆறரைக்கு."

கொட்டகைப் பக்கம் பிள்ளைகள் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது.

"அவன்கிட்ட என்ன சொல்லுவிய?"

"சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்ல. கையை நீட்டணும்."

"நீட்டினா?"

"அவன் என்ன குடுத்தாலும் வாங்கிக்கிடுவேன், அம்மை. பளம் குடுத்தா பளம்."

அம்மை திருத்தவில்லை.