தன் எடையில் இறங்குவது

ஒரு கன்னியர் மடத்தின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் பெர்னதெத் சிஸ்டர் இயந்திர பாகங்களை அளவெடுக்கும் பாடம் நடத்திவந்தார். அதிகம் பேசாதவர். அவரிடம் படித்த செலின் ஒரு மாலை கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர் வேலைக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வரைபடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், படித்தாள். மைக்ரோமீட்டரைக் கொடுத்தார்கள், பூஜ்யம் சரிபார்த்துவிட்டே அளந்தாள். எழுந்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நைட் ஷிப்ட் உண்டே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? மாமியார் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

மாமியார் போன தவக்காலத்தில் இறந்துபோனார். கணவன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் கடைசிச் சுற்று.

“திரும்பக் கேட்டா அதையேதான் சொல்லணும் சிஸ்டர். முதல்ல உள்ளே போயிடணும். அப்புறம் எப்படியாவது சமாளிச்சுக்குவேன். இது பாவமா?”

சிஸ்டர் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். மேஜைமேல் புஷ் எனப்படும் ஒரு இரும்பு வளையமும், அதன் துளைக்குள் விட்டுச் சோதிக்கும் கேஜ் என்ற உருளையும் இருந்தன. சோதித்துப் பார் என்று கண்ணால் காட்டினார்.

துளை சரியாக இருந்தால் கேஜ் தன் எடையிலேயே இறங்கும். கையால் அழுத்தக் கூடாது. அந்தக் கூடத்தில் முதல் நாளே சொல்லித்தருவது அதுதான்.

செலின் இரண்டையும் துடைத்துவிட்டு வைத்தாள். கேஜ் விளிம்பிலேயே நின்றது. எடுத்து மறுபடி வைத்தாள். நின்றது. மனசு நாளைக்கே போய்விட்டதோ என்னவோ, கட்டைவிரல் அழுத்திவிட்டது.

“உள்ளே போயிடுச்சு சிஸ்டர்.”

“எடு.”

வரவில்லை. முறுக்கினாள், இழுத்தாள். இறுகிப் பிடித்துக்கொண்டது. அதற்குள் பிள்ளை புது முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தான். சிஸ்டர் தட்டிக்கொடுக்கவில்லை. தோளில் போட்டபடி சும்மா நின்றார். அழுகை ஏறியது.

“இருங்க சிஸ்டர், இதை மட்டும் எடுத்துட்டு வாங்கிக்கிறேன்.”

“நைட் ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கு, செலின்.”

அவள் கை நின்றது. சிக்கியதை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துப் பிள்ளையை வாங்கினாள். விசும்பல் அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: “உள்ளதைச் சொன்னா வேணாம்னு அனுப்பிடுவாங்க. நான்தான் லாயக்கில்லைன்னு ஆயிடும்.”

சிஸ்டர் மரச்சுத்தியால் மெல்லத் தட்டிக் கேஜை வெளியே எடுத்தார். துணியால் துடைத்தார். கீறல் விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். புஷ்ஷின் பக்கத்தில் அதை வைத்து, கழிக்க வேண்டியதைப் போடும் சிவப்புத் தட்டை இழுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கேஜ் இறங்கலைன்னா இதுல எதைப் போடுவோம்? புஷ்ஷையா, கேஜையா?”

செலின் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, புஷ்ஷை எடுத்துத் தட்டில் போட்டாள்.