தலைவருக்கும் சேர்த்து ஒரு போன்

பிரசவமான கோமதிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஆம்புலன்ஸுக்குள்ளோ ஊர்த்தலைவர் ஆவுடையப்பனும் எட்டு ஆட்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மருத்துவ உதவியாளர் தேன்மொழிக்குக் கால் வைக்க இடமில்லை. கோமதியின் நாடி வேறு தளர்ந்துகொண்டே வந்தது.

"ஒருத்தர் போதும், மத்தவங்க இறங்குங்கய்யா."

"நான் வராம பெரியாஸ்பத்திரியில எவன் மதிப்பான்? வண்டிய எடுக்கச் சொல்லு புள்ள."

தேன்மொழி போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், ரத்தம் குடுக்க ஒம்பது பேர் கூடவே வாராங்க. மொத ஆளு எங்க தலைவர்தான்."

தலைவர் எழுந்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கு புள்ள."

"அதையும் அங்கேயே பாத்துக்கலாம், உக்காருங்கய்யா."

அவர் இறங்கியதும் எட்டுப் பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். அதுவரை ஏற இடமில்லாமல் வெளியே அழுதுகொண்டிருந்த கோமதியின் நாத்தனார் உள்ளே தாவி ஏறினாள்.

"எனக்கு என்ன குரூப்புன்னு தெரியாது, எடுத்துப் பாருங்கம்மா" என்று கையை நீட்டினாள்.