பின்பக்கம் திருப்பிய இன்ஜின்

கோவை உக்கடத்தில் பழைய கார்களை மட்டும் எடுத்துப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. நடத்தியவள் ரெஜினா. அவளிடம் தொழில் கற்க வந்த பொன்னரங்கன் அவளைவிட வயதில் மூத்தவர். வேலை பார்த்த மில் மூடியதும் வந்து சேர்ந்தவர். அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

ஒரு மாரிஸ் மைனர் கார் வந்தது. ஒழுகும் கொட்டகையில் பல வருடம் கிடந்த வண்டி. இன்ஜின் இறுகிப்போயிருந்தது. கீழே இறக்கி, மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். இரண்டு பிஸ்டன்கள் துருவோடு சிலிண்டரில் ஒட்டியிருந்தன. ரெஜினா டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினாள்.

"ஊறட்டும்ண்ணா."

ஞாயிற்றுக்கிழமை பொன்னரங்கன் பொள்ளாச்சிக்கு மகள் தமயந்தியைப் பார்க்கப் போனார். மறுநாள் வேலைக்கு வந்தவர் முகம் சரியில்லை.

"தமயந்தி பேசலீங்களா?"

"கதவைச் சாத்திட்டாளுங்க."

அவள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டவள். பதிவு அலுவலக வாசலில், எல்லார் முன்னாலும் பொன்னரங்கன் அவனை அறைந்திருந்தார்.

"நடந்ததை விடு கண்ணு, வீட்டுக்கு வான்னுதானுங்க கேக்கறேன். போறப்பெல்லாம் அதையேதான் கேக்கறேன். அசைய மாட்டேங்கறா. இன்னும் எப்படித்தானுங்க கேக்கறது?"

ரெஜினா இன்ஜினைக் காட்டினாள்.

"திருப்பிப் பாருங்கண்ணா."

அவர் இன்ஜினைச் சுழற்றும் பிளைவீல் சக்கரத்தின் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து, இன்ஜின் ஓடும் திசையில் தள்ளினார். அசையவில்லை. கடப்பாரையில் ஒரு நீளக் குழாயை மாட்டி, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினார். பல் நெரியும் சத்தம் கேட்டது.

"விடுங்கண்ணா! பல்லு போச்சுன்னா வேற கிடைக்காது."

குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, ரெஜினா கடப்பாரையுடன் சக்கரத்தின் மறுபக்கம் போய் நின்றாள். எதிர்த்திசையில் மெல்லத் தள்ளினாள். ஒரு முனகல். சக்கரம் மயிரிழை அளவு அசைந்தது. அதே அளவு முன்னால் கொண்டுவந்தாள். மறுபடி பின்னால். ஆயில் கறுப்பாகக் கசிந்தது. சாயங்காலத்துக்குள் இன்ஜின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வரிசை மாறாமல் சாக்கின் மேல் வைத்தார்கள். பொன்னரங்கன் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஓடறது முன்னாலதானுங்களே மாஸ்டர்? நீங்க ஏன் பின்னால திருப்பினீங்க?"

"அது வந்து நின்ன வழி பின்னாலதான்ண்ணா இருக்கு. அதுல கொஞ்சம் போய்ட்டு வந்தாத்தான் முன்னால போகும்."

அவர் கை நின்றது.

"நான் அறைஞ்ச மாப்பிள்ளையைத்தானுங்க மொதல்ல பாக்கணும். அவரு வேலைக்கு எப்பப் போவாருன்னு தெரியலீங்க" என்றார்.

ரெஜினா அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"முதல் பஸ்ஸுக்கே போயிடுங்கண்ணா."